ஊர் சுற்றிய ஓலைப் பெட்டி

தாமரைக் குளத்தங்கரையில் ஒரு நாவல் மரம். அதன் பொந்தில் வரியப்பன் என்றோர் அணில் குடியிருந்தான். மனைவி பெயர் இலந்தை. ஒரே மகள் துள்ளி.

சின்னக் குடும்பம். குளத்துக்கு அந்தப் பக்கம் கடலைக் காடு. இந்தப் பக்கம் வேம்பும் கொய்யாவும். கொஞ்சம் ஓடியாடினால் மூன்று வயிறும் நிறையும். மிச்சத்தை மூலையில் சேர்த்தும் வைக்கலாம். ஆனால் வரியப்பனுக்கு வயிறு நிறைந்தால் போதாது. ஊர் வாய் நிறைய அவன் பேர் இருக்க வேண்டும்!

"வரியப்பன் கை என்ன சாதாரணக் கையா? கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கை!" என்று யாராவது சொன்னால் போதும். அவன் வால் தானாக நிமிர்ந்துவிடும். சொன்னவருக்கு அன்றைய சாப்பாடு அவன் செலவு. இந்த விவரம் வெளியே தெரிந்த பிறகு தோப்பில் அவன் கையைப் புகழாத வாயே இல்லை. எதிர் மரத்து எலி ஒன்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தவறாமல் வந்து புகழ்ந்துவிட்டுப் போகும்.

இப்படி இருக்கையில் துள்ளிக்குக் காதுகுத்து வந்தது.

"பக்கத்துல நாலு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கொய்யாத் துண்டு கொடுத்தாப் போதும்ங்க" என்றாள் இலந்தை.

வரியப்பன் பதறிப்போனான். "கொய்யாத் துண்டா! என் ஒரே மகளுக்கா! நாளைக்கு நான் எந்தக் கிளையில தலை காட்டுறது?"

"எல்லாக் கிளையிலயும் காட்டலாம். தலையை யாரும் அறுத்துற மாட்டாங்க."

வரியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. நேராகக் குழியாண்டி அண்ணாச்சி வீட்டுக்குப் போனான்.

குழியாண்டி ஒரு பெருச்சாளி. குளத்து மேட்டுக்கு அடியில் அறை அறையாக அவருடைய வளை. அறைக்கு அறை கடலை. அவர் கடலைக் காட்டில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கடலை மட்டும் குறைந்ததே இல்லை. வட்டி அப்படிப்பட்ட பயிர். அதற்கு உழவு வேண்டாம், மழை வேண்டாம். பக்கத்தில் நாலு வீம்புக்காரர்கள் இருந்தால் போதும், முப்போகம் விளையும்!

"வாங்க தம்பி, வாங்க! நம்ம பாப்பா காதுகுத்தா? தாராளமா எடுத்துட்டுப் போங்க!" என்று குழைந்தார் குழியாண்டி. "பத்துக்கு ஒண்ணு வட்டி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொடுத்துட்டாப் போதும். ஈடா உங்க பொந்து. அதுவும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்!"

"பேச்சுக்குத்தானே அண்ணாச்சி!" என்று வரியப்பனும் சேர்ந்து சிரித்தான்.

காதுகுத்து அமர்க்களமாக நடந்தது. துள்ளியின் காதில் குன்றிமணித் தோடு மின்னியது. தோப்பு முழுக்க அழைப்பு. குளத்து முதலைக்கும் அழைப்பு போனது. நல்லவேளை, முதலை வரவில்லை. வந்திருந்தால் விருந்தாளிகளே விருந்தாகியிருப்பார்கள். வந்தவர்கள் மூக்கு முட்டத் தின்றார்கள். "பலாச்சுளையில தேன் கொஞ்சம் கம்மி" என்று வாயைத் துடைத்துக்கொண்டே குறையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வந்த மொய்யைக் கொண்டுபோய்க் கடன்ல கொஞ்சம் கட்டிட்டு வாங்க" என்றாள் இலந்தை.

வரியப்பன் அதைக் கொண்டுபோய்க் கிளியிடம் கொடுத்து, இலவம்பஞ்சு மெத்தை வாங்கி வந்தான். "மைனா வீட்டுல மெத்தை இருக்கு. நம்ம வீட்டுல இல்லேன்னா என்ன மரியாதை?"

பௌர்ணமி வந்தது. முன்பெல்லாம் நிலாவைப் பார்த்தால் வரியப்பன் பாட்டெடுத்துப் பாடுவான். இப்போது நிலா வளர வளர அவன் தேய்ந்தான். வட்டி கட்டக் கடலை இல்லை. என்ன செய்தான்? குழியாண்டியிடமே இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி, குழியாண்டிக்கே வட்டி கட்டினான். அண்ணாச்சி இடது கையால் கொடுத்து வலது கையால் வாங்கிக்கொண்டார். அலைச்சல் மட்டும் வரியப்பனுக்கு.

அதற்குள் மஞ்சமூக்கி மைனாவின் குஞ்சுக்குச் சிறகு முளைத்த விழா வந்தது. வெறுங்கையோடு போக முடியுமா? அதற்கும் ஒரு பெட்டிக் கடலை. அதுவும் குழியாண்டி உபயம்.

ஒருநாள் குழியாண்டியே நாவல் மரத்தடிக்கு வந்தார். தொந்தியைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினார். பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார். சுவரைத் தட்டினார். கூரையை முகர்ந்தார்.

"காத்தோட்டமான இடம் தம்பி! சாரைப்பாம்பு ஒருத்தர் நல்ல வீடாத் தேடிக்கிட்டிருக்கார். வாடகை எவ்வளவு கேட்டாலும் தர்றேங்கிறார். ரொம்பத் தங்கமான குணம்." பிறகு துள்ளியைப் பார்த்துச் சிரித்தார். "சின்னக் குழந்தைங்கன்னா அவருக்கு உசிரு!"

வரியப்பனுக்கு வால் நுனி வரை சில்லிட்டது. "அண்ணாச்சி, ஈடு பேச்சுக்குத்தான்னு சொன்னீங்களே!"

"நானும் இப்பப் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்? வட்டி தவறாம வந்தா நான் ஏன் தம்பி பேசப் போறேன்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"செலவைக் குறைக்கணும்ங்க. வேற வழியில்ல" என்றாள் இலந்தை.

"குறைச்சிருவோம்!" என்று குதித்து எழுந்தான் வரியப்பன். "சிக்கனம்னா என்னன்னு இந்த ஊருக்கே காட்டிருவோம்!"

அவனுக்குச் சிக்கனத்தையும் ஊருக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே அதற்கென்று ஒரு பண்டிதரை அமர்த்தினான்.

பண்டிதர் வேறு யாரும் இல்லை, வேலியோரத்து ஓணான். பெயர் தலையாட்டி. அவர் வீட்டில் செலவே கிடையாது என்று ஊரில் பெரிய பேர். மூன்று வேளையும் யோசனை கேட்பவர் வீட்டிலேயே சாப்பிட்டால் செலவு எங்கிருந்து வரும்? அவருக்குக் கூலி ஒரு கூடை ஈசல். அதுவும் முன்பணம். ஈசலைத் தவளையிடம் வாங்க வேண்டும். தவளைக்குக் கொடுக்கக் கடலை வேண்டும். கடலைக்கு மறுபடியும் குழியாண்டி! சிக்கனம் படிப்பதற்காகக் கடன் வாங்கிய பெருமை அந்தத் தோப்பிலேயே வரியப்பன் குடும்பத்தைத்தான் சேரும்.

தலையாட்டி பொந்தின் நடுவில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"அம்மா, காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"ஒரு கொய்யாப் பிஞ்சு" என்றாள் இலந்தை.

"ஆடம்பரம்! நிறுத்துங்க. பாப்பா எவ்வளவு திங்குது?"

"வயிறு நிறையிற வரைக்கும்."

"அங்கதாம்மா ஓட்டை!" என்று தொடையைத் தட்டினார் பண்டிதர். "அரை வயிறு போதும். அரை வயிறுதான் ஆரோக்கியம்!" சொல்லிவிட்டு, ஈசல் வாசனையோடு ஒரு பெரிய ஏப்பம் விட்டார்.

"இவர் ஊருக்கெல்லாம் வைக்கிற விருந்து?" என்று கேட்டாள் இலந்தை.

தலையாட்டி வரியப்பனைப் பார்த்தார். கூலி கொடுத்தது அவன்தானே! தலையை மேலும் கீழும் ஆட்டினார். "அதைச் செலவுன்னு சொல்லக்கூடாதும்மா. அது மரியாதையில போடுற முதலீடு!"

"கேட்டியா இலந்தை? விவரம் தெரிஞ்சவர் சொல்றார்!" என்றான் வரியப்பன்.

கூலி கொடுப்பவன் செலவைத் தொடாமல், வாய் பேசாதவர்கள் செலவை வெட்டுவதுதான் பண்டிதர் முறை. அன்று முதல் இலந்தைக்குக் கொய்யாப் பிஞ்சு இல்லை. துள்ளிக்கு அரை வயிறு. இந்த நல்ல காரியத்தை ஊரறியச் செய்ய வேண்டாமா? வரியப்பன் "சிக்கனத் தொடக்க விழா" ஒன்று வைத்தான். தோப்பே திரண்டு வந்து, மூன்று பந்தி உட்கார்ந்து, வயிறாரத் தின்று சிக்கனத்தை வாழ்த்தியது.

இலந்தை சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அதைச் சமாதானம் செய்ய வருகிறவர்களுக்கும் சோறு போட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் பங்குக் கடலையில் பாதியை எடுத்து ஓர் ஓலைப் பெட்டியில் போட்டு வந்தாள். பெட்டி நிறைந்ததும் புருஷனிடம் காட்டினாள்.

"இது அசலுக்கு. வட்டியா கொட்டிக் கொட்டி ஒண்ணும் ஆகல. இதை முதல்ல அசல்ல கழிக்கச் சொல்லுவோம். நீங்க தொடக்கூடாது, சொல்லிட்டேன்!"

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றான் வரியப்பன். அப்போது உண்மையாகத்தான் சொன்னான்.

அடுத்த நாளே ஆலமரத்துக் காகம் கரியமாணிக்கம் வந்து இறங்கினான். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தான்.

"பங்காளி! உன் தலைமையிலதான் கல்யாணம்! நீ வந்து நிக்காட்டித் தாலியே ஏறாது, பாத்துக்க!"

வரியப்பன் வால் நிமிர்ந்தது. இலந்தை அந்த வாலைப் பார்த்தாள். காகம் பறந்து போனதும் சொன்னாள், "போவோம். வாயார வாழ்த்திட்டு வருவோம். பெட்டி மட்டும் வராது."

"நம்ம காதுகுத்துக்கு அவன் ஒரு பெட்டி மொய் வச்சானே! திருப்ப வேணாமா?"

"திருப்பலாம், நம்ம கடன் முடிஞ்ச பிறகு. அவர் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்காமலா போயிரும்?"

கல்யாணத்தன்று காலையில் இலந்தை வேப்பம்பழம் பொறுக்கப் போயிருந்தாள். துள்ளி விளையாட ஓடியிருந்தாள். வரியப்பன் பெட்டியைப் பார்த்தான். பெட்டி அவனைப் பார்த்தது. 'தலைமை தாங்குறவன் வெறுங்கையோட போறதா? இந்த ஒரு தடவைதானே' என்று நினைத்தான். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஒரு தடவையாகத்தான் இருந்தது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆலமரத்தடிக்கு ஓடினான்.

பந்தல் பிரமாதமாக இருந்தது. முன்வரிசையில் குழியாண்டி அண்ணாச்சி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். மொய்யைக் கூவிச் சொல்லும் வேலை தலையாட்டிப் பண்டிதருக்கு. ஒரு கட்டையின் மேல் நின்று, ஒவ்வொரு மொய்க்கும் ஒரு தலையாட்டு.

"அதோ பாருங்க, வள்ளல் வரியப்பன் வந்துக்கிட்டிருக்கார்!" என்று தூரத்திலேயே முழங்கினார் பண்டிதர்.

கூட்டம் நெருக்கியது. வரியப்பன் பந்தலின் பின்பக்கமாகச் சுற்றி வந்தான். அங்கே சாப்பிட்ட இலைகள் குவிந்து கிடந்தன. குவியலுக்கு நடுவில் ஏதோ சிவப்பாக மினுங்கியது. குன்றிமணித் தோடு!

துள்ளி எச்சில் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கையில் யாரோ கடித்துப் போட்ட பாதிக் கடலை உருண்டை.

"துள்ளி! இங்க என்ன செய்யிறே?"

அவள் பயப்படவில்லை. முகமெல்லாம் பூரிப்பு. "அப்பா! பந்தியில உக்காந்தா நீங்க திரும்ப விருந்து வைக்கணுமாமே. அதான் உக்காரல. இங்க பாருங்க, எவ்வளவு வீணாப் போட்டிருக்காங்க! நான் சிக்கனமா இருக்கேன்ப்பா!"

அரை வயிற்றோடு காய்ந்த மகளின் விலா எலும்பு அப்போதுதான் வரியப்பன் கண்ணில் பட்டது. தோடு இருந்த காது மட்டும்தான் அவள் உடம்பில் செழிப்பாக இருந்தது. தலையில் இருந்த பெட்டி திடீரென்று கனத்தது. அதில் இருப்பது இலந்தையின் பசி என்பது கனத்த பிறகுதான் உறைத்தது.

துள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு மொய் வைக்கும் இடத்துக்குப் போனான்.

"வள்ளல் வரியப்பன் அவர்கள்! மொய் எவ்வளவு?" என்று கூவினார் தலையாட்டி.

"ஒண்ணும் இல்ல."

பண்டிதரின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லேன்னேன். இப்ப எல்லார் காதுலயும் விழுற மாதிரி நானே சொல்றேன். என் மக எச்சில் இலை பொறுக்குறா. என் பொண்டாட்டி பட்டினி கிடந்து சேத்ததைத் திருடிட்டு வந்து நான் இங்க நிக்கிறேன். நான் வள்ளலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் கடன்காரன்!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. வரியப்பன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். என்ன ஆச்சரியம்! தலை கழுத்தில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து இலந்தை மூச்சு வாங்க ஓடி வந்தாள். பொந்தில் பெட்டி இல்லாததைக் கண்டு, புருஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகத்தில்தான் வந்தாள். கடைசி வார்த்தைகள் காதில் விழவும் அப்படியே நின்றுவிட்டாள்.

கரியமாணிக்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வீட்டு விசேஷத்துல வந்து இப்படியா பேசுறது? உன் மக காதுகுத்துக்கு நான் வச்ச பெட்டியைத் திருப்பு! அதை நம்பித்தானே இந்தக் கல்யாணத்துக்கு அண்ணாச்சிகிட்ட நான் கடன்..." சட்டென்று இறக்கையால் அலகைப் பொத்திக்கொண்டான்.

"நீங்களும் அண்ணாச்சிகிட்டத்தானா அண்ணே?" என்றாள் இலந்தை மெதுவாக. "அப்போ காதுகுத்துக்கு நீங்க வச்ச அந்தப் பெட்டி?"

கரியமாணிக்கம் ஆகாயத்தைப் பார்த்தான். "அதுவும் அங்க வாங்கினதுதான்."

கூட்டத்தில் மஞ்சமூக்கி மைனா கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"நீ என்ன சிரிக்கிறே?" என்று பாய்ந்தான் கரியமாணிக்கம். "நான் புதுக் கூடு கட்டினப்ப நீ வச்ச மொய் உன் தோட்டத்துல காய்ச்சதா?"

மைனா சிரிப்பை நிறுத்திவிட்டு இறகைக் கோதினாள். "எல்லாரும் போற இடத்துக்குத்தான் நானும் போனேன்."

"உன் குஞ்சு விழாவுக்கு நான் வச்ச பெட்டியும் அங்கேருந்து வந்ததுதான்" என்றான் வரியப்பன்.

இலந்தை ஒரு நிமிஷம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புருஷன் தலையிலிருந்த ஓலைப் பெட்டியை எடுத்துக் காகத்தின் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, நாங்க வாங்கின மொய் இந்தாங்க. கணக்குத் தீந்துச்சா?"

"தீந்துச்சு" என்றான் கரியமாணிக்கம்.

"நீங்க மஞ்சமூக்கி அக்காவுக்கு ஒரு பெட்டி மொய் திருப்பணும் இல்லையா? இப்பவே கொடுத்துருங்க."

"அது எப்படி? என் வீட்டுல இப்ப விசேஷம் ஒண்ணும் இல்லையே!" என்றாள் மைனா.

"கடன் இல்லாமப் போறதைவிட வேற என்ன விசேஷம் வேணும்க்கா?"

கரியமாணிக்கம் பெட்டியை மைனா பக்கம் தள்ளினான். மைனா வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எங்களுக்கு ஒரு பெட்டி தரணும்."

மைனா கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். இலந்தையைப் பார்த்தாள். பெட்டியை நீட்டினாள்.

இலந்தை அதை வாங்கி உயர்த்திப் பிடித்தாள். "பாத்துக்கங்க! மூணு வீட்டு மொய்க் கடனும் தீந்துச்சு. பெட்டி என் கைக்கே வந்துருச்சு. இத்தனை நாளும் நாம இதைத்தான் செஞ்சிருக்கோம். உன் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு நீ! கடலை ஊரைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருந்திருக்கு. வட்டி மட்டும் யார் வீட்டுல போய் இறங்குச்சு?"

எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. குழியாண்டி அண்ணாச்சி வாயில் ஒரு முழுக் கடலை உருண்டை. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒருவழியாக விழுங்கிவிட்டு எழுந்தார். "மொய் வழக்கத்தையே கெடுக்கிறாளே இந்தப் பொம்பளை! நாளைக்கு ஊர்ல மரியாதைன்னு ஒண்ணு இருக்குமா?" பண்டிதர் தலைகூட ஆடவில்லை. அவர் குரல் மாறியது. "சரி! மழை விழுறதுக்கு முன்னால எனக்கு அசலும் வட்டியும் மொத்தமா வந்தாகணும். இல்லேன்னா முதல் தூத்தல்ல சாரை குடி வந்துருவார்!"

வானத்தில் ஏற்கெனவே கருமேகம் திரளத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இலந்தை செய்த முதல் வேலை, துள்ளிக்கு வயிறு நிறையக் கடலை உரித்துப் போட்டதுதான்.

"கடன் இருக்கிற நேரத்துல இவ்வளவா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான் வரியப்பன்.

"பிள்ளை வயித்துல மிச்சம் பிடிச்சு இதுவரைக்கும் நாம என்னத்தை அடைச்சோம்?" என்றாள் அவள். வரியப்பன் தானும் இரண்டு கடலை உரித்து மகள் முன்னால் வைத்தான்.

மறுநாள் காலையில் தலையாட்டிப் பண்டிதர் வழக்கம்போல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார்.

"ஐயா, ஒரு ஆடம்பரச் செலவைக் கண்டுபிடிச்சிட்டோம். அதை நிறுத்திரலாம்னு இருக்கோம்" என்றாள் இலந்தை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! என்ன செலவு?"

"நீங்கதான்."

பண்டிதர் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய பிறகு மறுத்துப் பேச வழியில்லாமல் வேலியைப் பார்த்து நடந்தார்.

இலவம்பஞ்சு மெத்தை கிளி வீட்டுக்கே திரும்பிப் போனது. வாங்கும்போது "இதைப்போல மெத்தை உலகத்துலயே இல்ல" என்று சொன்ன கிளி, இப்போது அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்து, "பஞ்சு பழசு" என்று பாதி விலைதான் கொடுத்தது. அதுவும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று இலந்தை பெட்டிக்குள் போட்டாள்.

மீதிக்கு என்ன வழி? கடலைக் காட்டில் அறுவடை முடிந்திருந்தது. செடி பிடுங்கும்போது அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும் தப்புக்கடலை அங்கே நிறையக் கிடக்கும். தோண்ட வேண்டும், பொறுக்க வேண்டும். வரியப்பன் ஒருநாளும் அந்த வேலைக்குப் போனதில்லை. அது இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தான். தன்னிடம் என்ன இருந்தது என்று அவனுக்கே தெரியாது.

முதல் நாள் தலை குனிந்தபடி போனான். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு கண். மண் மேல் ஒரு கண். இரண்டாம் நாள் இரண்டு கண்ணும் மண் மேல்தான். நகம் தேய்ந்தது. முதுகு வலித்தது. இலந்தை ஒரு பாத்தியில், அவன் ஒரு பாத்தியில். துள்ளி வரப்பில் உட்கார்ந்து கடலையிலிருந்து மண்ணைத் தட்டினாள்.

ஒருநாள் எதிர் மரத்து எலி தேடிக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டது. "அடடா! கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கை இப்படி..."

வரியப்பன் கையைப் பார்த்தான். நிஜமாகவே சிவந்திருந்தது, முழங்கை வரை செம்மண்! "ஆமாப்பா, இப்பத்தான் சிவந்திருக்கு. வா, நீயும் ஒரு பாத்தி தோண்டு. மத்தியானம் சேந்து சாப்பிடுவோம்."

எலிக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அவன் சோற்றைத் தின்று தீர்த்த தோப்பில் இன்னும் பல பேருக்கும் அப்படித்தான் ஏதேதோ ஞாபகம் வந்தது. அவன் எந்தக் கிளையில் வந்தாலும் அவர்கள் அடுத்த கிளைக்குத் தாவினார்கள். வந்தது மஞ்சமூக்கி ஒருத்திதான். "நானும் அண்ணாச்சிக்குக் கட்டணும். பக்கத்துப் பாத்தியில கொத்திக்கலாமா?" என்று கேட்டு, தன் கடனுக்குத் தானே கொத்தினாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் இடி இடித்தது. வடக்கே குளமே கவிழ்ந்தாற்போல் வானம் இருண்டது. பெட்டி பெட்டியாகச் சேர்த்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு மூவரும் குழியாண்டியின் வளைக்கு ஓடினார்கள். வாசலில் சாரைப்பாம்பார் ஏற்கெனவே வந்து, அழகாகச் சுருண்டு காத்துக்கொண்டிருந்தார். துள்ளியைப் பார்த்ததும் நாக்கை நீட்டி அன்பாக ஒரு வணக்கம் வைத்தார்.

இலந்தை மகளைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, எண்ணிக்குங்க. அசலும் இருக்கு, வட்டியும் இருக்கு."

குழியாண்டி எண்ணினார். அவர் அவ்வளவு மெதுவாக எண்ணி யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டினார். "இது ஈரம்" என்றார். "இது பொக்கு" என்றார். நடுநடுவே வானத்தைப் பார்த்தார்.

"பொக்கை இந்தப் பக்கம் போடுங்க அண்ணாச்சி. மாத்தித் தர்றேன்" என்று வரியப்பன் மடியை அவிழ்த்தான். கூடுதலாகக் கொஞ்சம் கொண்டு வந்திருந்தான். பொக்குக்குப் பதில் நல்ல கடலையாக எடுத்து வைத்தான். கடைசிக் கடலை விழுந்தது. மழை இன்னும் விழவில்லை.

சாரைப்பாம்பார் பெருமூச்சு விட்டபடி, வேறு வீடு தேடி ஊர்ந்து போனார்.

குழியாண்டியின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே பழைய குழைவு வந்துவிட்டது. "தம்பி, உங்களை மாதிரி நாணயஸ்தரை நான் பாத்ததே இல்ல! நம்ம ஊர்லயே உங்களுக்குத்தான் இனிமே எவ்வளவு வேணும்னாலும் கொடுக்கலாம். மழைக்காலம் வருது. பாப்பாவுக்குப் புது மெத்தை வேணாமா? ஊரைக் கூட்டிக் கடன் அடைச்ச விருந்து ஒண்ணு வைக்க வேணாமா? நாலு பேருக்குத் தெரிய வேணாமா? எடுத்துட்டுப் போங்க, வட்டியைப் பத்திப் பிறகு பேசிக்கலாம்!"

'நாணயஸ்தர்' என்ற சொல் வரியப்பன் காதில் தேன் மாதிரி இறங்கியது. வால் மெல்ல அசைந்தது. பாதி நிமிர்ந்தும் விட்டது. இலந்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரியப்பன் கையைப் பின்னால் விட்டுத் தன் வாலைத் தானே பிடித்துக் கீழே அமுக்கினான்.

"வேணாம் அண்ணாச்சி. எங்க வீட்டுல மூணு பேர்தான். மூணு பேருக்கும் தெரியும். அது போதும்!"

மூவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வாழையிலைக்கு அடியில் ஒதுங்கலாம் என்றான் வரியப்பன். நனைந்தால் என்ன, போய்ச் சேர நமக்கென்று வீடு இருக்கிறது என்று இலந்தை சிரித்துக்கொண்டே மழையில் இறங்கி ஓடினாள். துள்ளி அம்மாவுக்கு முன்னால் ஓடினாள்.

ஊர் மெச்ச வாங்கிய கடனை அடைக்க ஊர் வராது; தன் வீட்டு வயிற்றை நிறைத்து, தன் கையால் உழைத்து, 'என்னால் முடியாது' என்று நாலு பேர் முன்னால் சொல்லத் துணிகிறவனே கடன் தீர்ந்து நிம்மதியாக வாழ்வான்.